பித்தளைக் கேடயமும் உதிர்ந்த அரக்கும்

நேற்று இரவு, நானே வெட்டிய பித்தளைக் கேடயத்தைச் சமையலறை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். வெளியே நல்ல குளிர். காலையில் எழுந்ததும் காப்பிகூடப் போடாமல் அதை எடுத்துக் கவிழ்த்து, மேசைமேல் நான்கு தட்டுத் தட்டினேன். அதில் நிரப்பிய சிவப்பு அரக்கு அப்படியே இருந்தது. ஒரு துணுக்குகூட விழவில்லை. போன மாதம் இதே ஜன்னலோரத்தில் வைத்தபோது முழுச் சிவப்பும் ஓடு மாதிரி கழன்று சிங்க்கில் விழுந்து கிடந்தது. இனிமேல் எழுதினால் பாதகமில்லை.

செய்தது இதுதான்: 100 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரத்தில் ஒரு பித்தளைக் கேடயம். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் தரைக்கல்லில் பதித்த பித்தளை நினைவுத் தகடுகள் உண்டு. இறந்தவரின் உருவம், சுற்றி எழுத்து, மூலைகளில் குலச்சின்னக் கேடயங்கள். அந்த மூலைக் கேடயங்களில் ஒன்றை அந்தக் காலத்து முறையை ஒட்டி நானே வெட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நான் எடுத்துக்கொண்டது கென்ட் மாவட்டத்துக் காபம் குடும்பத்தின் சின்னம். (ஆங்கில எழுத்தைக் கூட்டியபடியே எழுதினால் 'கோபம்' என்று வந்துவிடுகிறது. அதனால் காபம்.) சிவப்புத் தரை (கேடயத்தின் பின்புலத்தைத் தரை என்கிறேன்), அதன்மேல் கவிழ்ந்த 'வி' போல ஒரு தங்கப் பட்டை, பட்டைமேல் மூன்று கருப்புச் சிங்கங்கள். அந்தப் பட்டைக்குச் செவ்ரான் என்று பெயர். பிரெஞ்சில் அது கூரையின் கைமரத்தைக் குறிக்கும் சொல். நம் ஓட்டு வீட்டுக் கைமரம் இரண்டு உச்சியில் சேர்வதை நினைத்துக்கொண்டால் வடிவம் சரியாக வரும்.

முதல் தவறு வேலை தொடங்குவதற்கு முன்பே நடந்தது. காபம் போக வேண்டும் என்று ரயில் டிக்கெட் எடுத்தேன். லண்டன் வாட்டர்லூவிலிருந்து கிளம்பி 'காபம் & ஸ்டோக் டாபர்னன்' என்ற நிலையத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இது சர்ரே மாவட்டத்துக் காபம். எனக்கு வேண்டிய காபம் கென்ட்டில், லண்டனுக்கு நேர் எதிர்ப்பக்கம். அதற்கு சோல் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்க வேண்டும்.

வந்ததற்கு ஸ்டோக் டாபர்னன் தேவாலயத்தையாவது பார்ப்போம் என்று நடந்தேன். அந்தத் தவறான டிக்கெட்டுக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன். சர் ஜான் டாபர்னன் என்ற வீரரின் தகடு அங்கே இருக்கிறது. கிட்டத்தட்ட ஆளுயரம், உடம்பு முழுக்கச் சங்கிலிக் கவசம், கையில் ஈட்டி. காலடியில் படுத்திருக்கும் சிங்கம் அந்த ஈட்டித் தண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறது. 1277ஆம் ஆண்டுத் தகடு என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். இப்போதைய ஆய்வாளர்கள் அதை 1320களுக்குத் தள்ளி வைக்கிறார்கள். அவர் கேடயத்தில் தங்கச் செவ்ரான், நீலத் தரை. அந்த நீலம் எனாமல், அதாவது உலோகத்தின்மேல் சுட்டு ஒட்டவைக்கும் கண்ணாடிப் பூச்சு, எழுநூறு வருடமாகியும் நிற்கிறது. தகடு என்றால் மஞ்சளும் கருப்புக் கோடும்தான் என்று நினைத்திருந்த எனக்கு அந்த நீலத்தைப் பார்த்ததும் ஒன்று புரிந்தது. இவை வெட்டப்பட்ட நாளில் வண்ணத்தோடு இருந்தவை. இப்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் வண்ணம் கொட்டிப்போன மிச்சம்.

அடுத்த வாரம் கென்ட் காபமுக்கே போனேன். புனித மேரி மக்தலேன் தேவாலயம். பலிபீடத்துக்கு முன்னால் தரையில் வரிசையாகப் பித்தளை மனிதர்கள் படுத்திருக்கிறார்கள். 1320 வாக்கில் தொடங்கி 1529 வரை ஒரே குடும்பத்தையும் அதில் பெண் கொடுத்து எடுத்தவர்களையும் காட்டும் தகடுகள். நிறையப் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படங்களில் ஒன்று பின்னால் பெரிய வில்லங்கமாயிற்று. அதற்கு வருகிறேன்.

வெட்டுவதற்கு முன் கண் பழக வேண்டும் என்று தேய்ப்புப் படி எடுக்கப் போனேன். அசல் தகட்டின்மேல் தேய்க்கப் பல தேவாலயங்கள் இப்போது விடுவதில்லை. விடுகிற இடத்திலும் முன்கூட்டி எழுதிக் கேட்டு, கட்டணம் கட்ட வேண்டும். எனவே பிசினில் வார்த்த நகல்கள் வைத்திருக்கும் ஒரு மையத்துக்குப் போனேன். நகல்மேல் தாளை விரித்து, நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹீல்பால் என்னும் கருப்பு மெழுகுக் கட்டியால் தேய்க்க வேண்டும். ஹீல்பால் என்பது பழைய நாளில் செருப்புத் தைப்பவர்கள் குதிகாலின் ஓரத்தைக் கருப்பாக்க வைத்திருந்த மெழுகு. கல்வெட்டு மைப்படி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மேடு கருப்பாக வரும், பள்ளம் வெள்ளையாக நிற்கும்.

அங்கேதான் குழம்பினேன். வீட்டுக்கு வந்து படியைச் சுவரில் மாட்டிப் பார்த்தால் செவ்ரான் கன்னங்கரேல் என்று இருக்கிறது, தரை வெள்ளை. குலச்சின்ன மொழியில் வெள்ளை என்றால் வெள்ளி, கருப்பு கருப்புதான். வெள்ளித் தரையில் கருப்புச் செவ்ரான்! அப்படிச் சின்னம் வைத்திருந்த வேறு குடும்பங்கள் இருக்கும். இவர்கள் இல்லை. தங்கம் வேண்டிய இடத்தில் வெட்டுபவர் பித்தளையை அப்படியே மேடாக விட்டுவிடுவார், பித்தளையே தங்கம். சிவப்போ நீலமோ வேண்டிய இடத்தைக் குழியாகச் செதுக்கி, நிறமி கலந்த பிசினை நிரப்புவார். வெள்ளிக்கு ஈயம் மாதிரி வெளுத்த உலோகத்தைப் பதிப்பார். ஆக, தேய்ப்புப் படியில் கருப்பாகத் தெரிவதுதான் தங்கம். இதைப் படியின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிவைத்தேன். இல்லாவிட்டால் மறுபடி ஏமாறுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

இனி அந்தப் புகைப்படம். ஒரு கேடயத்தில் நிரப்பியது எல்லாம் கொட்டி, வெறும் குழி மட்டும் மிச்சம். பெரிதாக்கிப் பார்த்தால் குழியின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். எனக்கு உடனே ஒரு 'ஞானம்' பிறந்தது. குலச்சின்னங்களைக் கருப்பு வெள்ளையில் அச்சிடும்போது வண்ணத்துக்குப் பதில் கோடு போடும் முறை ஒன்று உண்டு. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், இரண்டும் சேர்ந்தால் கருப்பு, புள்ளி தங்கம். அதன்படி இது கருப்புத் தரை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். பிசினுக்குப் பதிலாக முத்திரை அரக்கை நிரப்புவதாக எண்ணம், அதனால் கருப்பு அரக்கு ஆறு குச்சிக்கு ஆர்டரும் போட்டாயிற்று.

அன்று இரவே தூக்கம் வராமல் அந்தக் கோட்டு முறை எப்போது வந்தது என்று பார்த்தேன். அதைப் பரப்பியவர் பெட்ரா சாங்க்டா என்ற இயேசு சபைத் துறவி, அவர் புத்தகம் 1638. காபம் தகடுகளில் கடைசியானதே 1529. நூறு வருடம் கழித்து வரப்போகும் குறியீட்டை யாரும் முன்கூட்டி வெட்டிவைக்க முடியாது. சரி, அப்படியானால் அந்தக் கோடுகள் எதற்கு? உளி தடம், வேறென்ன, அவசரத்தில் மெருகு போடாமல் விட்டிருப்பார்கள் என்று முடிவுகட்டினேன். நாம் இன்னும் நேர்த்தியாகச் செய்வோம் என்றும் நினைத்துக்கொண்டேன். அந்த அகங்காரத்துக்கு இரண்டு வாரமும் பன்னிரண்டு குச்சி அரக்கும் செலவாயின.

தகடு வாங்குவது சுலபம். வெட்டுவதற்கென்றே ஈயம் கொஞ்சம் கலந்த பித்தளை விற்கிறார்கள். உளிக்கு முன்னால் சுருண்டு சிக்காமல் பொடிப்பொடியாக உதிரும். 3 மி.மீ. கனம், 110-க்கு 135 மி.மீ. துண்டு, விலை 16 பவுண்டு. சமையலறைத் தராசில் 380 கிராம். இடைக்கால வெட்டுநருக்கு இப்படிக் கடைக்குப் போய் வாங்கும் வசதி கிடையாது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இங்கிலாந்தில் பித்தளைத் தகடு செய்யவே இல்லை, எல்லாம் கடல் கடந்து வந்தது. கொலோன் நகரத்தின் பெயரால் 'கல்லன் தகடு' என்று சொல்வார்கள். ஒரு துண்டுகூட வீணாக்காமல் இருந்ததற்கு அதுவும் காரணம்.

துண்டை மரப்பலகையில் வைத்து, கேடயத்துக்கு வெளியே வரும் நான்கு மூலைகளிலும் துளையிட்டுத் திருகாணி போட்டேன். பொற்கொல்லர்கள் அரக்கில் பதித்துப் பிடிப்பார்கள். எனக்குத் திருகாணி போதும் என்று பட்டது. மேலே வெள்ளைப் பெயிண்ட் மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் ட்ரேசிங் தாளிலிருந்து படத்தை மாற்றினேன். பென்சிலால் வரைந்த பக்கத்தைக் கீழே கவிழ்த்து, மேலே நகத்தால் தேய்த்தால் கோடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். வேலை சுத்தமாக வந்தது. ஆனால் தாளைக் கவிழ்த்தால் படமும் திரும்பிவிடும் என்பது ஏன் எனக்கு அப்போது தோன்றவில்லை என்பதற்கு இன்றும் பதில் இல்லை. கேடயமும் செவ்ரானும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதனால் தெரியவில்லை. சிங்கம் அப்படியா?

கருவிகள் விஷயத்தில் சொல்ல நிறைய இருக்கிறது. கிரேவர் என்னும் செதுக்குளி இரண்டு: ஒன்று சதுர முனை, கோட்டுக்கு, இன்னொன்று 3 மி.மீ. தட்டை முனை, குழிக்கு. கைப்பிடியோடு 27 பவுண்டு. வாங்கும்போது அவை கூராக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முகத்தை 45 பாகைக்கு எண்ணெய்க் கல்லில் தீட்டி, அடியில் மெல்லிசாக ஒரு சாய்வு விட வேண்டும். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் உளி உள்ளே புதைந்துகொண்டு நிற்கும், அல்லது வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடியது. இடது கட்டைவிரலில் தையல் போடும் அளவுக்கு இல்லை, ஆனால் ஒரு வாரம் சாம்பார் சாதம் பிசைய முடியவில்லை. பிறகு இடது கைக்குத் தோல் விரலுறை போட்டுக்கொண்டேன். நான்கு பவுண்டு, முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுபவர் குட்டி உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டியே ஒரு நிமிடத்தில் முழுப் பெயரையும் முடிப்பதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். சிங்கத்தின் உருவை முதலில் அப்படித்தான் புள்ளி போட்டுக் குறித்தேன். அது மட்டும் முதல் தடவையே சரியாக வந்தது. புள்ளி வரிசை இருந்தால் செதுக்குளி தடம் மாறாமல் அதைப் பிடித்துக்கொண்டு போகிறது.

குழிக்கு ஆழம் 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். அதைக் கையாலேயே வெட்ட வேண்டும் என்ற வைராக்கியம் ஒரு சனிக்கிழமை முழுக்க நீடித்தது. ஆறு மணி நேரத்தில் தபால்தலை அளவுக்கு மூன்று இடம். ஞாயிற்றுக்கிழமை சின்ன மின்துரப்பணத்தில் 1.6 மி.மீ. உருண்டை முனை மாட்டிப் பெரும்பகுதியைத் தோண்டி, ஓரங்களை மட்டும் உளியால் திருத்தினேன். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். பித்தளைப் பொடி சமையலறைத் தரையிலிருந்து சாக்ஸ் வழியாகப் படுக்கைவரை வந்துவிடும். வீட்டில் அதற்காகத் தனியே ஒரு விசாரணை நடந்தது.

கால்வாசித் தரையும் ஒரு சிங்கமும் முடிந்த நிலையில், படம் எடுத்துப் புகைப்படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே சிங்கம் பார்ப்பவரின் இடப்பக்கம் முகம் காட்டி நிற்கிறது. என் சிங்கம் வலப்பக்கம் பார்க்கிறது.

இது அழகு பற்றிய விஷயம் இல்லை. குலச்சின்னத்தில் வலது இடது என்பது கேடயத்தைப் பிடித்திருக்கும் ஆளின் வலது இடது, பார்ப்பவருடையது அல்ல. மிருகங்கள் வழக்கமாக அவருடைய வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் பார்க்கும். இதைவிட முக்கியம் திருமணக் கேடயங்கள். கேடயத்தை நடுவில் பிளந்து, பிடித்திருப்பவரின் வலப்பாதியில் கணவன் வீட்டுச் சின்னம், இடப்பாதியில் மனைவி வீட்டுச் சின்னம். கண்ணாடி பிம்பம் மாதிரித் திருப்பிவிட்டால் மாப்பிள்ளை வீடு பெண் வீடாகிவிடும். அப்புறம் வம்சாவளி மொத்தமும் தப்பு.

காபமில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜோன் சீமாட்டியைச் சொல்ல வேண்டும். மூன்றாவது காபம் பிரபு ஜான், 1362இல் அந்த ஊரில் குருமார் கல்லூரி (குருமார்கள் கூடி வாழ்ந்து வழிபாடு நடத்தும் இடம்) நிறுவியவர். தகட்டில் கையில் ஒரு குட்டித் தேவாலயத்தை ஏந்தி நிற்கிறார். 1408இல் அவர் இறந்தபோது ஆண் வாரிசு இல்லை. சொத்தும் பட்டமும் பேத்தி ஜோனுக்கு வந்தன. ஜோனுக்கு ஐந்து கணவர்கள், ஒருவர் போனபின் ஒருவராக. இரண்டாமவர் ரெஜினால்ட் பிரேபுரூக் (இறப்பு 1405), மூன்றாமவர் நிக்கலஸ் ஹாபர்க் (இறப்பு 1407), இருவரும் காபம் தரையிலேயே படுத்திருக்கிறார்கள். நான்காமவர் ஜான் ஓல்ட்காஸில், திருச்சபையை எதிர்த்த லாலர்டு இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று 1417இல் கொல்லப்பட்டார். ஐந்தாமவர் ஜான் ஹார்ப்டன், அவர் தகடு லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில். 1434இல் இறந்த ஜோனின் தகட்டில் உருவத்தைச் சுற்றி ஆறு கேடயங்கள். பிரேபுரூக்குக்குப் பிறந்த மகள் வழியாகத்தான் அடுத்த வம்சம்: அவளைக் கட்டியவர் தாமஸ் புரூக். அவர் மகன் காலத்திலிருந்து காபம் பிரபுக்கள் என்றால் புரூக் குடும்பம். அவர்கள் சின்னமும் சிவப்புத் தரை, செவ்ரான்தான். ஆனால் செவ்ரான் வெள்ளி, மேலே கிரீடம் வைத்த ஒரே ஒரு சிங்கம். தங்கமா வெள்ளியா, மூன்றா ஒன்றா என்று பார்த்தாலே எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். வண்ணம் உதிர்ந்து, வெள்ளியும் கழன்றுபோனால் சிங்கத்தை எண்ணுவதுதான் வழி.

இதையெல்லாம் அந்தக் காலத்து அரசாங்கமே ஆதாரமாக எடுத்துக்கொண்டது. மதச் சீர்திருத்தக் கொந்தளிப்பில் கல்லறைகளை உடைத்தபோது, 1560இல் முதலாம் எலிசபெத் அதைத் தடுத்து ஓர் ஆணை போட்டார். அதில் சொன்ன காரணங்களில் ஒன்று, இவை அழிந்தால் குடும்பங்களின் பரம்பரையும் உரிமையும் விளங்காமல் போகும் என்பது. 1530 முதல் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை மாவட்டம் மாவட்டமாகப் போய் யாருக்கு எந்தச் சின்னத்தில் உரிமை என்று விசாரித்த அரச அதிகாரிகள், தேவாலயக் கேடயங்களையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். நம் வீட்டு அண்டாவில் வெட்டியிருக்கும் பெயரை வைத்து 'இது பாட்டி சீர் கொண்டுவந்தது' என்று பாகப்பிரிவினையில் வாதாடுவதற்கு இது ரொம்பத் தூரம் இல்லை.

சரி, என் இடவலம் மாறிய சிங்கம். புதுத் தகடு வாங்க மனம் வரவில்லை. திருகாணியைக் கழற்றி, தகட்டைப் புரட்டி, பின்பக்கத்தில் புதிதாகத் தொடங்கினேன். இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தபோது பெயர்த்தெடுத்த பழைய தகடுகளை வாங்கி, புரட்டிப் போட்டு, வேறொருவர் உருவத்தை வெட்டி விற்றார்கள். இன்றும் பழுதுபார்க்கத் தகட்டைக் கழற்றினால் பின்னால் ஒரு குருவின் கையோ ஒரு பெண்ணின் முந்தானை மடிப்போ தெரியும்.

புரட்டியதில் ஒரு சிக்கல். பழைய குழிக்கு நேர் மேலே தட்டும்போது அடியில் பிடிப்பு இல்லாமல் தகடு உள்வாங்கியது, சுமார் அரை மி.மீ. எனவே முன்பு வாங்கிச் சும்மா கிடந்த கருப்பு அரக்கை உருக்கி, அந்தப் பழைய குழியில் ஊற்றி நிரப்பி, மறுபடி பலகையில் பொருத்தினேன். அதன்மேல் நிம்மதியாகத் தட்டலாம் என்று ஆயிற்று. இந்த அரக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கத் தரையை இந்த முறை கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கினேன். தட்டை உளி, பிறகு சின்னக் கல், பிறகு உப்புத்தாள். பெருமையாக இருந்தது. சிவப்பு முத்திரை அரக்கை மெழுகுவர்த்தியில் உருக்கிச் சொட்டவிட்டேன். குளிர்ந்த பித்தளையில் விழுந்தவுடன் முத்து முத்தாக உருண்டு நின்றது. ஆறியபின் நகத்தால் தொட்டால் 'டப்' என்று தெறித்தது. இரண்டாம் முறை தகட்டை அடுப்பில் சூடாக்கி ஊற்றினேன். அழகாகப் பரவியது, தேய்த்து மட்டம்கூடச் செய்துவிட்டேன். அன்றிரவு ஜன்னலோரம் வைத்ததுதான் முதலில் சொன்ன கதை. அரக்கு ஒரு அளவு சுருங்கும், பித்தளை வேறு அளவு சுருங்கும். வழவழப்பான தரையில் அதைப் பிடித்துவைக்க ஒன்றுமே இல்லை.

சிங்க்கில் கிடந்த சிவப்பு ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கக் கருப்பு அரக்கு அசையவில்லை. அதே இரவு, அதே குளிர். போதாததற்கு அதன்மேல் ஒரு வாரம் சுத்தியலால் அடித்திருக்கிறேன். உளி நுனியால் நெம்பிப் பார்த்தேன், பிட்டுப் பிட்டாகத்தான் வந்தது. அது பாதியில் கைவிட்ட குழி, மெருகு போடாமல் உளித்தடம் தடமாக விட்டது.

அப்போதுதான் புகைப்படத்தில் பார்த்த அந்தக் குறுக்குக் கோடுகள் நினைவுக்கு வந்தன. அவை வண்ணக் குறியீடும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. கலவை பிடிப்பதற்காக வேண்டுமென்றே கீறியவை. சுவருக்குச் சாந்து பூசுவதற்கு முன் கொத்தனார் கொத்திவிடுவாரே, அதேதான். நேர்த்தி இல்லை என்று நான் தள்ளியதுதான் அவர்களுடைய நேர்த்தி.

கண்ணாடித் தரையை முழுக்கக் கீறினேன். சதுர உளியால் 2 மி.மீ. இடைவெளியில் ஒரு வரிசை, பிறகு குறுக்கே இன்னொரு வரிசை. உளியை நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துக் கீறினால் கோட்டின் ஓரத்தில் பிசிறு எழும்பும். அதைத் தட்டாமல் விட வேண்டும், அரக்கைக் கொக்கி போட்டுப் பிடிப்பது அந்தப் பிசிறுதான். செவ்ரானின் ஓரச் சுவர்களையும் அடிப்பக்கம் சற்று உள்வாங்கினாற்போல வெட்டினேன். மூன்றரை மணி நேர வேலை.

அரக்கை உருக்கி ஊற்றாமல் உடைத்துத் தூளாக்கிக் குழியில் நிரப்பி, தகட்டை 110 பாகை அடுப்பில் 20 நிமிடம் வைத்தேன். தானே இளகி மட்டமாயிற்று. பின்பக்கக் கருப்பும் இளகித் தட்டில் ஒழுகும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அலுமினியத் தாள் விரித்திருந்ததால் தப்பினேன். வீடு முழுக்கப் பழைய தபால் நிலைய வாசனை. ஆறியபின் சவர பிளேடால் மேலே நின்றதைச் சீவி, 400, 800, 1200 என்று உப்புத்தாள், தண்ணீர் விட்டு. ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் பித்தளைக் கசடு அரக்கில் ஏறிச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். இடது மூலையில் கொஞ்சம் அப்படி ஆகியிருக்கிறது. விட்டுவிட்டேன்.

உண்மையான எனாமல் ஏன் போடவில்லை என்று கேட்கலாம். அதைச் சுட 800 பாகை அளவில் சூளை வேண்டும். அந்தச் சூட்டில் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் வம்பு செய்யும். டாபர்னன் கேடயத்து நீலத்தைப் பார்த்தபோது வந்த வியப்பு இதைத் தெரிந்துகொண்டபின் இரண்டு மடங்காயிற்று.

சிங்கங்கள் ஒவ்வொன்றும் 18 மி.மீ. உயரம். வாலையும் நாக்கையும் வெட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கருப்பு அரக்கைச் சாலிடரிங் அயர்ன் நுனியால் உள்ளே இறக்கப் பார்த்தேன். பித்தளை சூட்டைக் கடத்தி, பக்கத்துச் சிவப்பு ஓரம் பளபளவென்று இளகத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டேன். கடைசியில் கருப்பு நிறமி கலந்த எபாக்சி. அந்தக் காலத்துக்குப் பொருந்தாதுதான், ஆனால் நிற்கிறது. கடைசியாக இழைப்பு ரம்பத்தால் கேடய வடிவை அறுத்து அரம் போட்டேன். இப்போது எடை 166 கிராம். மீதி எல்லாம் துடைப்பத்திலும் சாக்ஸிலும்.

விரலுறையும் சேர்த்து மொத்தம் 84 பவுண்டு, அதில் வீணான அரக்கு மட்டும் 14. நேரம் கிட்டத்தட்ட 31 மணி. ரயில் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது என் புத்திக்குக் கட்டிய கட்டணம்.

அடுத்தது புரூக் கேடயம். வெள்ளிச் செவ்ரானுக்கு ஈயம் கலக்காத வெள்ளீயத் தகட்டை வெட்டிப் பதிக்க எண்ணம். சிங்கம் ஒன்றே ஒன்று என்பது பெரிய நிம்மதி. சிங்கங்களை முதலில் வெட்டி நிரப்பிவிட்டு, தரையைக் கடைசியில் எடுக்க வேண்டும். ட்ரேசிங் தாளின் மூலையில் ஒரு தமிழ் எழுத்து எழுதிவைக்க வேண்டும், தகட்டில் அது கண்ணாடி பிம்பமாக விழுந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அதற்குப் பிறகு கை துணிந்தால் கென்ட்டிலேயே சார்த்தம் தேவாலயத்தில் தகடாகக் கிடக்கும் ராபர்ட் டி செட்வான்ஸ் என்ற வீரர். அவர் பெயர் பிரெஞ்சில் ஏழு முறம் என்ற பொருளில் ஒலிக்கிறது என்பதால் கேடயத்திலும் சட்டையிலும் முறம் முறமாகப் போட்டுக்கொண்டவர். நீலத் தரையில் தங்க முறங்கள். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். 'பின்னல் சரியில்லை, தவிடெல்லாம் கீழே போயிடும்' என்று பதில் வந்தது.

கேடயத்தை ஒரு பழைய கூரைக்கல் துண்டில் பொருத்தியிருக்கிறேன். தகடுகளை அவர்கள் கல்லில் குழி வெட்டி, தாரில் படியவைத்து, ஈயத்தில் ஊன்றிய ஆணியால் அறைந்தார்கள். நான் இரண்டு பித்தளைத் திருகாணியோடு நிறுத்திக்கொண்டேன். கழற்றிப் பின்பக்கம் காட்டினால் வருகிறவர்கள் அந்த வலப்பக்கம் பார்க்கும் சிங்கத்தைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள்.